முப்பது கேன் எடை

அத்தியாயம் ஐந்து

"போலீஸ் கடல்ல தேடுது. நீங்க இந்த வீட்டுல தேடுங்க," என்றார் அந்த அம்மா, வாணலியைத் தேய்ப்பதை நிறுத்தாமல்.

வாணலி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நாங்கள் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்றாவது முறையாக அதைத் தேய்க்கிறார். தேய்த்து, கழுவி, கவிழ்த்து, மறுபடியும் எடுத்து. பதற்றத்தில் இருக்கிறவர்களின் கைக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது. சிலர் நகம் கடிப்பார்கள். என் கணவர் என்னை விட்டுப் போன வாரம் நான் அவருடைய சட்டைகளை எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கினேன்.

இவருடைய கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தாறு வயது. நேற்று வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குத் தன் உல்லாசப் படகை எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் திரும்பவில்லை. இருபத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது. கைப்பேசி மேஜை இழுப்பறையில் கிடந்தது. மீன் பிடிக்கப் போயிருப்பார் என்று மனைவி சொன்னதால் கடலோரக் காவல் படகுகள் தெற்கே, மீன் திட்டுகளைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தன.

வரும் வழியிலேயே அந்தப் பிரிவின் அதிகாரியிடம் பேசியிருந்தேன். "நாலு மணி வரைக்கும் தேடுவோம் மேடம். அதுக்கு மேல காத்து ஏறுது. மூணு நாளைக்கு இறங்காது. நாலுக்கு மேல படகை விட்டா எங்க ஆளுங்களையே நான் தேட வேண்டியிருக்கும்."

மூன்று நாள் ஒருவர் கடலில் உயிரோடு இருக்க மாட்டார்.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க," என்று கொல்லைப்பக்கக் கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரி என் நாத்தனார், துப்பறியும் வேலையில் எனக்குக் கூட்டாளி. எல்லோரும் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னது, குத்தினால் வலிக்கும். அண்ணன் போன பிறகு அண்ணியோடு தங்கிவிட்ட தங்கச்சி. ஏன் போகவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதில் நகைச்சுவையாக வந்துவிடுமோ என்ற பயம்.

கொட்டகை காலியாக இருந்தது. படகை ஏற்றி வைக்கும் வண்டியின் சக்கரத் தடம், எண்ணெய்க் கறை, ஒரு பழைய தொப்பி. சுவரில் வெள்ளைச் சாக்கட்டியால் இரண்டு வரி எழுதியிருந்தது.

19 — 4400

15 — 5200

இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிக்.

"பூட்டு நம்பரா இருக்கும்," என்றார் எங்கள் பின்னால் வந்து நின்ற அந்த அம்மா. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு நம்பரைச் சுவத்துல எழுதி வைக்கிறவர் பூட்டே வாங்க வேண்டாமேக்கா," என்றாள் குண்டூசி.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் கவனித்தது வேறு. சுவரைப் பார்ப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து அதிகாரிக்குப் போன் போட்டு எண்களைப் படித்தேன். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல். "புரொப்பல்லர் மேடம். முன்னால இருக்கறது அதோட பிட்ச், பின்னால இருக்கறது நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுத்துன்னு. இதையெல்லாம் எழுதி வாங்கிட்டு வரச்சொல்ற பைத்தியம் இந்த ஊர்ல ஒருத்தர்தான். துறைமுகத்துக்குப் பின்னாடி, விசிறிக்காரர்னு கேளுங்க."

மணி பத்து நாற்பது.

*

விசிறிக்காரரின் பட்டறை பாதி கூரை, பாதி வானம். வெளிச்சுவர் முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஒன்றாகப் படகு விசிறிகள் தொங்கின. மூன்று இறக்கை, நான்கு இறக்கை, அலுமினியம், எவர்சில்வர். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சீட்டு. அவர் ஒரு வளைந்த இறக்கையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் பெயரைச் சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"காணோமா? நேத்துலேருந்தா? நான் புதன்கிழமை மச்சான் மக கல்யாணத்துக்குப் போனவன், இன்னைக்குக் காலைலதான் வந்தேன். யாருமே சொல்லலியே!"

"அவர் உங்ககிட்ட எதுக்கு வந்தாரு?"

"எடை ஏத்தணும்னு வந்தாரு. அவர் படகுல இருந்தது பத்தொம்பது. ஒரு ஆள், ரெண்டு தூண்டில்னா அது பறக்கும். எடை ஏத்தினா படுத்துக்கும்."

"ஏன்?" என்றேன்.

"விசிறி ஒரு சுத்து சுத்தினா எத்தனை அங்குலம் முன்னால போகப் பாக்குதோ, அதான் அந்த நம்பர். பத்தொம்பதுன்னா நீளமா தாண்டும். பதினஞ்சுன்னா கிட்டக் கிட்ட வைக்கும். அரிசி மூட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு மாடி ஏறுறவன் ரெண்டு ரெண்டு படியா தாவ முடியுமா தங்கச்சி?"

"எங்க அண்ணன் மூட்டையே இல்லாம மூணு மூணு படியா தாவிப் போனான்," என்றாள் குண்டூசி. சொன்ன பிறகு என் பக்கம் பார்க்காமல் ஒரு விசிறியின் சீட்டை ரொம்பக் கவனமாகப் படித்தாள். அவள் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

"எவ்வளவு எடைன்னு சொன்னாரா?"

"சொன்னா நான் நம்ப மாட்டேன்." விசிறிக்காரர் மூலையைக் காட்டினார். அங்கே நீல நிற இருபது லிட்டர் கேன்கள் மலையாகக் குவிந்திருந்தன. "எடை விஷயத்துல மனுஷங்க பொய் சொல்லுவாங்க மேடம். பொம்பளைங்க அஞ்சு கிலோ, ஆம்பளைங்க அம்பது கிலோ. அதனால நான் கேனைக் குடுத்துருவேன். எவ்வளவு எடை ஏத்தப் போறியோ அத்தனைக்குக் கேன்ல கடல் தண்ணிய நிரப்பு, முழு வேகத்துல ஓட்டு, மீட்டர் என்ன சொல்லுதுன்னு எழுதிட்டு வா. அந்த இன்ஜின் அஞ்சாயிரத்துக்கு மேல சுத்தணும். சுத்தலைன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்."

"அவர் எத்தனை கேன் எடுத்தாரு?"

"முப்பது."

குண்டூசி விரல் விட்டாள். "அறுநூறு கிலோ! அண்ணி, அது எட்டு ஆளு. இல்ல, நம்ம பெரியத்தை மாதிரின்னா ஆறு."

"என்ன ஏத்தப் போறீங்கன்னு கேக்கலையா?"

"எவ்வளவுன்னு கேப்பேன். என்னன்னு கேக்க மாட்டேன். கேட்டிருந்தா இந்தத் தொழில்ல எனக்கு இத்தனை சிநேகிதம் இருக்காது." அவர் விரலை மடக்கினார். "திங்கக்கிழமை பத்தொம்பதோட ஓட்டினாரு. நாலாயிரத்து நானூறு. மூக்கு வானத்தப் பாக்குது, வால் தண்ணிக்குள்ள, அரை மணி நேரத்துல திரும்பிட்டாரு. செவ்வாக்கிழமை நாலு இறக்கைப் பதினஞ்சு மாட்டி விட்டேன். அஞ்சாயிரத்து இருநூறு. அப்படியே எழும்பி ஓடுச்சாம், சின்னப் புள்ள மாதிரி சந்தோசம் அவருக்கு. இன்னும் ரெண்டு தடவை ஓட்டிட்டு வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்னேன். பதினஞ்சு அவர் படகுல இருக்கு, அவரோட பத்தொம்பது இதோ இங்க..."

திரும்பிக் காட்டிய கை அந்தரத்தில் நின்றது.

கண்ணாடிக் கடைக்காரரின் சீட்டுக்குக் கீழே தொங்கிய விசிறிக்கு நான்கு இறக்கை.

"இது பதினஞ்சு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இது இங்க எப்படி வந்துச்சு?"

"நீங்க கல்யாணத்துல இருந்தப்ப யாரோ மாத்தியிருக்காங்க," என்றேன். "பூட்டு?"

"வெளிச்சுவருக்கு என்ன பூட்டு? ஒரு கம்பியச் சுத்தி வச்சிருப்பேன்."

கம்பி சுற்றித்தான் இருந்தது. எடுத்தவர் திரும்பவும் சுற்றி, நுனியை உள்ளே மடக்கியும் விட்டிருந்தார்.

"ஒண்ண எடுத்துட்டு ஒண்ண வச்சுட்டுப் போயிருக்கான். ரொம்ப நாணயமான திருடன்," என்றாள் குண்டூசி.

விசிறிக்காரர் அதைக் கழற்றிக் கையில் வாங்கினார். முகம் சுளித்தது. "ஒரு நாள் பூரா கடல்ல சுத்தின சாமான். உப்பு பூத்திருக்கணும், நடுவுல கிரீஸ் ஒட்டியிருக்கணும். இதப் பாருங்க. பொண்ணு பாக்க வர்ற வீட்டு வெள்ளித் தட்டு மாதிரி இருக்கு."

நான் வாங்கிப் பார்த்தேன். இறக்கைகள் மேல் மெல்லிய வட்டக் கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். முகர்ந்தேன். எலுமிச்சை சோப்பு.

பட்டறைக்காரன் ஒரு விசிறியைத் துணியால் துடைப்பான், மண்ணெண்ணெயில் முக்குவான். நாரும் சோப்பும் போட்டு விளக்க மாட்டான். அடுத்த வீட்டிலிருந்து வாங்கிய பாத்திரத்தை அழுக்கோடு திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கை பழகிய ஒருவர்தான், மனசு கொதித்துக்கொண்டிருக்கும்போதும், தவறு செய்துகொண்டிருக்கும்போதும், இதைச் செய்திருப்பார். செய்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

குண்டூசியைப் பார்த்தேன். இந்த ஒரு முறை அவளிடம் சொல்வதற்கு வேடிக்கை எதுவும் இல்லை.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "அந்த வாணலி."

*

எனக்கு இருந்தது இரண்டு கேள்வி. முதலாவதை அங்கேயே கேட்டேன். "எவ்வளவு தூரம் போகணும்னு சொன்னாரா?"

"வடக்கே கடைசித் தீவு. நூறு கிலோமீட்டர். ஒரு டேங்க்ல போயிடணும், நடுவுல எண்ணெய் கிடைக்காதுன்னு சொன்னாரு. பதினஞ்சுல போயிடலாம்னு நான்தான் சொன்னேன்."

"வடக்கா?"

"வடக்குதான். ஏன்?"

தெற்கே ஐந்து படகுகள் தேடிக்கொண்டிருந்தன.

"பத்தொம்பதோட போனா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். சாக்கட்டியால் தரையில் எதையோ கிறுக்கி, அழித்து, மறுபடி கிறுக்கினார். "எழும்பாது. தண்ணிய உழுதுக்கிட்டே போகும். எண்ணெய் ரெண்டு பங்கு குடிக்கும். அம்பத்தஞ்சு, மிஞ்சிப் போனா அறுபது. அதோட சரி. அந்த இடத்துல கரை இல்ல மேடம். பழைய விளக்குக் கம்பம் நட்ட பாறை ஒண்ணு உண்டு. அது அவர் கண்ணுல பட்டிருந்தா..."

அதிகாரியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் கொட்டினேன்.

"விசிறி சோப்பு வாசனை அடிக்குதுன்னு நான் மேலிடத்துல சொல்ல முடியாது மேடம். தெற்கேன்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. அவங்க வாயால மாத்திச் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் திருப்புறேன். இங்கேருந்து அங்க போகவே ரெண்டு மணி நேரம் ஆகும்."

மணி பன்னிரண்டு பத்து.

குண்டூசி வண்டியை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "கொலைன்னு நினைக்கிறீங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப என்ன?"

ஒருவர் கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தபின் வீட்டில் இருப்பவருக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று எனக்குத் தெரியும். அவர் பையை ஒளித்து வைக்கலாமா, சாவியைத் தொலைத்துவிடலாமா, காய்ச்சல் வந்தது போல் படுத்துக்கொள்ளலாமா. நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யாததைப் பெருந்தன்மை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கை வேலை தெரியாது, அவ்வளவுதான். இந்த அம்மா தையல் மெஷின் பழுது பார்த்தே வீட்டை நடத்தியவர். ஒரு திருகும் நட்டும் அவருக்கு ஒரு பொருட்டா?

*

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் மடியில், முதல் முறையாகச் சும்மா.

"புதன்கிழமை விசிறியை மாத்தினது நீங்கதான்," என்றேன். "திட்ட வரல. நேரம் இல்ல. ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமா."

"அக்கா, அத ஏன் காலைலயே..." என்று குண்டூசி ஆரம்பித்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அவர் சட்டைப் பையில விசிறிக்காரர் குடுத்த சீட்டு இருந்துச்சு, அறுநூறு கிலோ எடைன்னு," என்றார் அந்த அம்மா. "சிநேகிதங்களோட வடக்குத் தீவைச் சுத்திப் பாக்கப் போறேன், எடை ஜாஸ்தின்னு சொன்னாரு. அவருக்கு ஏதும்மா சிநேகிதம்? ஒரு மாசமா கடைலேருந்து லேட்டா வர்றாரு. போன் வந்தா வெளிய போயிப் பேசறாரு. எவளோ ஒருத்தி, அவ வீட்டுச் சாமான், அதான் எடைன்னு புரிஞ்சுது. திங்கக்கிழமை பழைய விசிறியோட போயிட்டு, எழும்பவே இல்லன்னு சலிச்சுக்கிட்டு அரை மணில வந்துட்டாரு. எனக்கு அது போதும். எழும்பக் கூடாது. அவ முன்னாடி அவமானப்பட்டுத் திரும்பி வரணும். அவ்வளவுதான் நினைச்சேன். அவர் கடைக்குப் போனதும் கழட்டி, மாத்தி மாட்டிட்டேன். விடிகாலை இருட்டுல அவரும் கவனிக்கல."

"அப்ப திரும்பி வந்திருக்கணுமே?" என்றேன். இதுதான் என் இரண்டாவது கேள்வி. "திங்கக்கிழமை திரும்பினவர் ஏன் நேத்துத் திரும்பல?"

அவர் கொட்டகை இருந்த பக்கம் பார்த்தார்.

"மீட்டர்ல நாலாயிரத்து நானூறு பாத்திருப்பாரு," என்றார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "பாத்த உடனே தெரிஞ்சிருக்கும். இந்த ஊர்ல அவருக்குத் தெரியாம அதக் கழட்டத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதானே."

"தெரிஞ்சப்புறம் திரும்புவாரா?"

"மாட்டாரு." முகம் உடைந்தது. "இருபத்தேழு வருஷமா நான் போட்ட எந்தத் தடைக்கும் அவர் எதுத்துப் பேசினதில்லை. பேசாமலேயே போய்ட்டே இருப்பாரு."

நான் போனை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். "எங்க வீட்டுக்காரர் தெற்க போகல சார்," என்றார், தெளிவாக. "வடக்க போயிருக்காரு. விசிறிய மாத்தி வச்சது நான். என்னை அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. மொதல்ல படகைத் திருப்புங்க."

மணி பன்னிரண்டு ஐம்பது.

அதற்குப் பிறகான இரண்டு மணி சொச்சத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தோம். ஜன்னல் கதவு ஒன்று லேசாக ஆடத் தொடங்கியது. பிறகு பலமாக ஆடியது. குண்டூசி எழுந்து கொக்கி போட்டாள். யாரும் காற்று என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை அந்த அம்மா, "போலீஸ்கிட்டச் சொல்ல வாய் வரல. நீங்க வீட்டுக்குள்ள வந்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும்," என்றார். தன்னைப் பிடித்துக் கொடுப்பதற்கு ஒருவர் என்னை அழைத்தது அதுதான் முதல் முறை.

மூன்று பதினேழுக்குப் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஆள் உயிரோட இருக்காரு!" அதிகாரி காற்றை மீறிக் கத்தினார். "விளக்குக் கம்பப் பாறை. படகைக் கட்டிட்டு மேல உக்காந்திருந்தாரு. டேங்க் வறண்டு கிடக்கு. வெயில் காய்ச்சியிருக்கு, மத்தபடி ஒண்ணுமில்ல."

குண்டூசி என் தோளில் முகத்தை வைத்துவிட்டாள். அந்த அம்மா அழவில்லை. போன் பக்கம் குனிந்தார்.

"கூட யாரு சார்?"

"கூட யாரும் இல்லம்மா. தனியாத்தான் இருக்காரு."

"பொம்பளை யாரும்..."

"யாருமே இல்லம்மா. கேட்டேன். கடைசித் தீவுல ஒரு இடிஞ்ச வீடு பாத்து வச்சிருக்காராம். தனியா இருக்கப் போறேன்னாரு."

அந்த அம்மாவின் கண்கள் என்மேல் வந்து நின்றன. உதவி கேட்கும் பார்வை. ஒரு பெண் இருந்திருந்தால் கோபப்படலாம். அவளைத் திட்டலாம், அவளோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், என்றாவது ஒருநாள் அவள் சலித்துப் போவாள் என்று காத்திருக்கலாம். எனக்கு அதில் எதையும் தரத் தெரியவில்லை. என் வீட்டிலிருந்து போனவரும் யாரிடமும் போகவில்லை.

"அப்ப எடை?" என்று கேட்டார். "அறுநூறு கிலோ எடை என்ன சார்?"

"சிமெண்ட் எட்டு மூட்டை. ஒரு இரும்புக் கட்டில்." அதிகாரி பார்த்துப் பார்த்துச் சொன்னார், படகுக்குள் குனிந்திருக்க வேண்டும். "அடுப்பு. நாற்காலி ஒண்ணு. தண்ணிக் கேனுங்க. தட்டு ஒண்ணு, டம்ளர் ஒண்ணு. போர்வை, தலையணை ஒண்ணு."

"தலையணை ஒண்ணுதானா?"

"ஆமாம்மா."

"கட்டிலுக்கு அடியில பாருங்க சார்," என்றார் அந்த அம்மா. குரலில் கெஞ்சல் இருந்தது. "நல்லாப் பாருங்க. இன்னொண்ணு இருக்கும்."